மறுபடியும் போகக் கிடைக்கிறவனுக்கு எத்தனை லென்ஸ் வேண்டும்? (செங்கோட்டை – ஆரியங்காவு பக்கத்து கேமராக்காரர்களுக்கு)

சாரல்_செங்கோட்டை:

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, குற்றாலம், பாலருவி, சூரியகாந்தித் தோட்டம் எல்லாம் எடுக்கணும். என்ன கேமரா வாங்கலாம், எத்தனை லென்ஸ் வாங்கலாம்?" ஆளுக்கு ஒரு பதில் எழுதி மாளவில்லை. மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

என் கட்சி இதுதான். சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ லீவு போட்டு வருகிறவருக்குப் பெரிய பை வேண்டும். மழையோ வெயிலோ, கூட்டமோ காலியோ, அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு தடவை. அதனால் அகலக்கோணத்துக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று சுமந்து வருகிறார். அவர் கணக்கில் அது நியாயம். நம் கணக்கு வேறு. பிரானூர் பார்டரில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு. இன்று மேகம் மூடிவிட்டதா, சரி, அடுத்த ஞாயிறு போகலாம். இப்படித் திரும்பத் திரும்பப் போக முடிகிறவன் சுற்றுலாக்காரர் பையைப் பார்த்து அதே மாதிரி வாங்குவது வீண் செலவு. ஒரு பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), ஒரு லென்ஸ். மிச்சப் பணத்தைப் பெட்ரோலுக்கும், ஈரத்திலிருந்து கேமராவைக் காப்பதற்கும், பிரிண்ட் போடுவதற்கும் வையுங்கள்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தியை எடுத்துக்கொள்வோம். ஜூலை, ஆகஸ்டில் கேரளா வண்டியாக வந்து நிற்கும். பெரும்பாலும் மத்தியானம் குற்றாலத்தில் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்கு மேல் வருவார்கள். முற்றிய சூரியகாந்தி சூரியனோடு சுற்றுவதில்லை. மொட்டாக, இளம் செடியாக இருக்கும்வரைதான் அந்தத் திருப்பமெல்லாம். விரிந்த பிறகு கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். நம் ஊரில் மலை இருப்பது மேற்கே. அப்படியென்றால் பூவின் முகமும் பின்னால் மலையும் ஒரே படத்தில் வேண்டுமானால் நீங்கள் மேற்கே பார்த்து நிற்க வேண்டும், காலையில் நிற்க வேண்டும். வெயில் உங்கள் முதுகில், பூவின் முகத்தில், மலையின் மேல். மாலையில் போனால் அதே இடத்தில் வெயில் எதிரே வந்து கண்ணைக் கூசும், பூவின் முகம் நிழலாகிவிடும். அந்த நேரத்தில் கையில் இருப்பது எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் வெயில் இடம் மாறப் போவதில்லை.

அப்புறம் காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆடி மாதத்தில் பூவை ஒரு நொடி சும்மா நிற்க விடாது. ஷட்டர் வேகம் 1/125 நொடி வைத்து எடுத்துவிட்டு "லென்ஸ் ஷார்ப்பாக இல்லை" என்று விற்கப் போனவர்களை எனக்குத் தெரியும். 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள். வெளிச்சம் போதவில்லையென்றால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு எண்ணை) 800-க்கு ஏற்றுங்கள். இந்தக் காலத்து எந்த பாடியிலும் அது ஒரு பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, நம் பக்கத்தில் மாலைப் பொன் வெளிச்சத்தை ரொம்ப நம்ப வேண்டாம். காலண்டரில் அஸ்தமனம் ஆறே முக்காலை ஒட்டிப் போட்டிருக்கும். புளியரையில் அதற்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போயிருக்கும். மலையைத் தாண்டித் தென்மலைப் பக்கம் போனால் தலைகீழ். அங்கே காலை வெயில் பள்ளத்துக்குள் இறங்கவே நேரமாகும். இதெல்லாம் நாலு தடவை போனால் தானாகத் தெரிந்துவிடுகிற விஷயம். எந்தப் பெட்டியிலும் எழுதி வராது.

என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (பிலிமைவிடச் சின்ன சென்சார்) பாடி, 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்). 1.5 மடங்கு கணக்குப் போட்டால் பழைய பிலிம் காலத்து 50 மி.மீ. மாதிரி வரும். பெரிய லென்ஸ் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுக்கிறேன். அவ்வளவுதான்.

கூழைக்கடா:

அண்ணாச்சி, பூவுக்கும் மலைக்கும் நீங்கள் சொல்வது சரி. அவை அங்கேயே நிற்கும். பறவை நிற்குமா? பாலருவிப் பக்கம் இருவாச்சி (பெரிய அலகுள்ள காட்டுப் பறவை) ஒன்று உச்சிக் கிளையில் வந்து உட்காருகிறது என்று வையுங்கள். எத்தனை ஞாயிறு போனாலும் அது கீழே இறங்கி உங்கள் 35 மி.மீ. முன்னால் வந்து உட்காரப் போவதில்லை. தூரத்தை எட்ட லென்ஸ்தான் வேண்டும்.

பறவை எடுக்கிறவனுக்கு 300 மி.மீ. என்பது ஆரம்பம். கிராப் பாடியில் அது 450 மாதிரி ஆகிவிடும், அதனால்தான் எங்கள் ஆட்கள் பலரும் ஃபுல் ஃப்ரேமுக்கு (பிலிம் அளவு சென்சாருக்கு) போகாமல் கிராப்பிலேயே இருக்கிறோம். 150-600, 200-500 மி.மீ. ஜூம் இரண்டு வகையும் இங்கே நிறைய ஓடுகிறது. நிக்கான் 200-500 ட்ரைபாடில் (முக்காலியில்) மாட்டும் பட்டையோடு சேர்த்து 2.3 கிலோ. சிக்மா 150-600 கன்டெம்பரரி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மேலே பார்த்து நின்றால் கழுத்தும் தோளும் பேசும். இந்த வேலைக்கு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) போதும், ட்ரைபாட் காட்டுக்குள் தொல்லை. பறக்கிறதை எடுக்க 1/2000 வேண்டும், எஃப் 5.6-இல் நிழலான காட்டில் அதற்கு ஐஎஸ்ஓ 3200 தாண்டும். அப்போதுதான் நல்ல பாடி எது, சுமாரான பாடி எது என்று தெரியும். "எந்த பாடியிலும் பிரச்சினை இல்லை" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது.

ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு முதல்முறை போகிறவர்கள் பெரிய லென்ஸோடு போய் இறங்கி, லென்ஸுக்குள் பறவை அடங்காமல் முழிப்பார்கள். அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். ஊர்க்காரர்கள் காலம் காலமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே 70-200 இருந்தால் தாராளம். குளத்தில் தள்ளி நிற்கிற வரித்தலை வாத்துக்குத்தான் 600 வேண்டும்.

வாடகை விஷயம் எனக்கு ஒத்துவராது. வாடகைக்கு எடுத்த நாளில் மழை பிடித்துக்கொண்டால் பணம் போனது போனதுதான். நீங்களே "அடுத்த ஞாயிறு போகலாம்" என்கிறீர்கள். அடுத்த ஞாயிறும் வாடகை யார் கொடுப்பது?

புனலூர்_ஸ்டூடியோ:

நான் பொழுதுபோக்குக்காரன் இல்லை, பாதி வருமானம் இதில்தான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கல்யாணம் எடுக்கிற ஆசை உள்ளவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு பாடியோடு மண்டபத்துக்கு வந்துவிடக் கூடாது.

தாலி கட்டுவதை "அடுத்த ஞாயிறு" எடுக்க முடியாது. இரண்டு பாடி வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டு போடுகிற வசதி இருந்தால் உத்தமம், ஒரே படம் இரண்டிலும் பதிவாகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு ஒன்று உயிரை விட்டாலும் மானம் மிஞ்சும்.

மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கசவு சேலை (பொன்சரிகைக் கரை போட்ட வெளிர் சேலை), வெள்ளை வேட்டி. ஃப்ரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும், முகம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்துக்குக் கிடைக்கும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்ற வேண்டும், அதே நேரம் வெயில் விழுகிற இடத்தில் துணியின் மடிப்பு வெளுத்துப் போகாமலும் பார்க்க வேண்டும். தென்காசிப் பக்கம் அரக்கும் சிவப்புமாகப் பட்டு. சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) நன்றாக இருப்பதாகக் காட்டும். ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் தனியாக முட்டிப்போயிருக்கும், புடவையின் நெசவு தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கேமராவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டுகிற வசதி இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கிற ஃபைல்) எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், ராவில் 12 அல்லது 14. மண்டபத்து மஞ்சள் விளக்கு, வீடியோக்காரரின் வெள்ளை எல்இடி, வாசல் வெளிச்சம் மூன்றும் கலந்த முகத்தைச் சரிசெய்ய அந்த இடைவெளி வேண்டும்.

கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராவுக்கு மாறலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் மாறிவிட்டேன். கண்ணில் ஃபோகஸ் தானாகப் பிடிப்பதும், சத்தமில்லாமல் எடுப்பதும் சடங்குக்கு நல்ல உதவி. ஆனால் பேட்டரி! பழைய டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள கேமராவில்) ஒரு பேட்டரியை வைத்து ஒரு கல்யாணத்தை ஓட்டினோம். இதில் நாலைந்து தயாராக வைத்திருக்கிறேன். பொழுதுபோக்குக்கு எடுப்பவர் இப்போதைக்கு மாற அவசரம் இல்லை என்பது என் எண்ணம். எல்லாரும் மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் பழைய சந்தையில் குவிகின்றன. வாங்குகிறவனுக்கு யோகம்.

சாரல்_செங்கோட்டை:

ஸ்டூடியோ அண்ணன் சொன்னது கல்யாணத்துக்கு. அதில் எனக்கு வாதமே இல்லை. திரும்ப நடக்காத காரியத்துக்கு இரட்டை ஏற்பாடு வேண்டும்தான். நான் சொல்வதும் அதன் மறுபக்கம்தானே.

கூழைக்கடா தம்பிக்கு: இருவாச்சி விஷயத்தில் உன்னிடம் எனக்குப் பேச்சில்லை. ஆனால் நீ வருஷம் முழுக்கப் பறவை எடுக்கிறாய். என்னிடம் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வருஷத்தில் ஏதோ ஒரு தடவை பறவை எடுக்கிறவர்கள். அவர்களுக்கு வாடகைதான் லாபம். வாடகைக்கு எடுப்பதற்கு முந்தின வாரமே இடத்தைப் போய்ப் பார்த்துவிட வேண்டும், வெறுங்கையோடு. எந்த மரத்துக்கு வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்த பிறகு லென்ஸை எடு. பழம் பழுத்த ஆலமரமோ அத்திமரமோ தெரிந்துவிட்டால் இருவாச்சி அங்கேதானே சுற்றும்.

பழைய_ரோல்:

பிள்ளைகளா, நான் ஆக்ஃபா கிளிக் III-இல் ஆரம்பித்தவன். 120 ரோல், 12 படம். அப்புறம் யாஷிகா, 36 படம். இப்போது மகன் கொடுத்த கேமரா. ரோல் காலம்தான் பொற்காலம் என்றெல்லாம் புலம்ப வரவில்லை. ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் பாதி மங்கலாக வருவதில் ஒரு இன்பமும் இல்லை.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் இன்றும் உதவுகிறது. வெயில் பளீரென்று அடித்தால் எஃப் 16 வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வை. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. மேகம் லேசாக இருந்தால் எஃப் 11, நன்றாக மூடினால் எஃப் 8, இருட்டிக்கொண்டு வந்தால் எஃப் 5.6. வெளிச்சம் அளக்கிற மீட்டரே இல்லாத கேமராவில் எடுத்தவர்களுக்கு இதுதான் வேதம். நம் பக்கத்தில் கோட்டைவாசல் ஏறும்போது பத்து நிமிஷத்தில் இந்த நாலு நிலையையும் பார்த்துவிடலாம். மீட்டரை நம்பு, ஆனால் மீட்டர் சொல்வது உன் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு நொடி யோசி. கண்ணாடி மாதிரி மின்னுகிற நனைந்த பாறையைப் பார்த்து மீட்டர் ஏமாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாரும் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) போட்டு, இரண்டு நொடி வைத்து, தண்ணீரைப் பஞ்சு மிட்டாய் ஆக்குகிறார்கள். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிற வேகத்தில் தலை வலிக்கும், தோள் சிவக்கும். அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது அந்த அடி? நான் 1/60, 1/125 என்று வைப்பேன். இழை இழையாகவும் தெரியும், வேகமும் இருக்கும். இது என் ருசி, சண்டைக்கு வர வேண்டாம்.

புதுக்கண்:

எல்லாருக்கும் வணக்கம். கடையநல்லூர், கல்லூரி இரண்டாம் ஆண்டு. மாமா அவருடைய பழைய நிக்கான் டி5100 கொடுத்திருக்கிறார், 18-55 லென்ஸோடு. இது 16 மெகாபிக்சல்தான். இப்போதெல்லாம் 24, 33, 45 என்று போகிறதே, இதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றலாமா? ஒருவர் 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் தருகிறேன் என்கிறார், விலை குறைவுதான். வாங்கலாமா அண்ணே?

டீச்சர்_ஆரியங்காவு:

தம்பி, மெகாபிக்சல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் போனில்தான் எடுக்கிறேன், ஆனால் பிரிண்ட் போடாமல் விடமாட்டேன்.

சாதாரண 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், 1200-க்கு 1800 புள்ளி வேண்டும். பெருக்கிப் பார், 2.2 மெகாபிக்சல் கூட இல்லை. 12-க்கு 18 அங்குலம், சுவரில் மாட்டுகிற அளவு, அதற்கு 3600-க்கு 5400, ஏறக்குறைய 19. உன்னுடைய 16-ஐ அந்த அளவுக்குப் போட்டாலும் அங்குலத்துக்கு 270-க்கு மேல் வரும். ஒரு அடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே அந்தக் கவலையை விடு.

போன் பற்றியும் யாரும் சொல்லவில்லை. போனின் முக்கிய லென்ஸ் ஏறக்குறைய 24, 26 மி.மீ. அகலம். பிள்ளைகளின் முகத்தைக் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது ஒதுங்கிவிடும். இரண்டடி பின்னால் வந்து நின்று எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்ள வேண்டும். 3 மடங்கு லென்ஸ் இருக்கிற போனாக இருந்தால் அதில் எடுங்கள், முகம் முகமாக வரும். ஆண்டு விழாவுக்கு எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால், எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அம்மாக்கள் அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினதை அதே அம்மாக்கள் போன் மாற்றும்போது தொலைத்துவிடுகிறார்கள். சாரல் அண்ணன் மிச்சப் பணத்தைப் பிரிண்டில் போடச் சொன்னதை யாருமே கண்டுகொள்ளாததுதான் எனக்கு வருத்தம்.

சாரல்_செங்கோட்டை:

டீச்சருக்கு நன்றி. ஈரத்தைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விடக் கூடாது, ஏனென்றால் நம் பக்கத்தில் கேமராவைக் கொல்வது அதுதான்.

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே தொடர்ந்து இருந்தால், இருட்டில் சும்மா கிடக்கிற லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மலையடிவாரத்தில் அந்த அளவுக்குக் கீழே இறங்குகிற நாள் அபூர்வம். முதலில் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாகத் தெரியும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தழும்பு நிற்கும். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கரண்டில் ஓடுகிற உலர் பெட்டி வாங்க முடிந்தால் நல்லது, 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வையுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல ஃபில்டர் விலைகூட வராது. சிலிகா ஜெல் நீலமாக இருந்தால் சரி, இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஆரஞ்சு வகை என்றால் பச்சையாகும். வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும், அதற்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள், சமையல் சட்டியில் செய்யாதீர்கள். 30-க்குக் கீழே இறக்கவும் வேண்டாம், ரப்பரும் உள்ளே இருக்கும் கிரீஸும் காய்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. வெளிச்சமும் காற்றோட்டமும் பட்டுக்கொண்டிருக்கிற லென்ஸில் பூஞ்சை சுலபத்தில் பிடிக்காது. மூன்று லென்ஸ் இருந்தால் இரண்டு எப்போதும் இருட்டில் கிடக்கும். ஒன்றே ஒன்று இருந்தால் அது கையிலேயே இருக்கும். என் "ஒரு லென்ஸ்" கட்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏசி காரில் வருகிறவர்களுக்கு: இறங்கினதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் பட்டதும் பனி மூடிக்கொள்ளும். பையை மூடியபடியே கால் மணி, அரை மணி விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். மழைக்கு லாட்ஜில் தருகிற குளியல் தொப்பி அற்புதமாக உதவும். லென்ஸ் முன்னால் ஹுட் போட்டுக்கொள்ளுங்கள், சாரலில் பாதி அதிலேயே நின்றுவிடும்.

கூழைக்கடா:

டப்பாவுக்குள் சிலிகா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போட்டு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

பழைய_ரோல்:

அரிசியைச் சோறாக்குங்கள். அதன் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போனால் அப்புறம் நறநறவென்று சுற்றும். ஈரத்தைப் பிடிப்பதிலும் சிலிகா ஜெல்லுக்குப் பக்கத்தில் அது வராது.

புனலூர்_ஸ்டூடியோ:

போலரைசர் (எதிரொளியைக் குறைக்கிற ஃபில்டர்) பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் பக்கத்தில் வாங்க வேண்டிய ஒரே ஃபில்டர் அதுதான். மழை நின்றதும் இலையெல்லாம் வெள்ளையாக மின்னும். ஃபில்டரைத் திருப்பினால் மினுமினுப்பு போய்ப் பச்சை வெளியே வரும். கம்ப்யூட்டரில் பிறகு செய்ய முடியாத வேலை அது. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், அவ்வளவுதான். லென்ஸுக்குப் பாதுகாப்பு என்று கடையில் தள்ளிவிடுகிற மலிவான யுவி ஃபில்டரைக் கழற்றி வீசுங்கள். இரவில் தெருவிளக்கை எடுத்தால் பேய் மாதிரி இரட்டை வெளிச்சம் வரும்.

டீச்சர்_ஆரியங்காவு:

பதிமூணு கண் ரயில் பாலத்தைப் பற்றிக் கேட்கலாமா? கழுதுருட்டிப் பக்கம் தினம் பத்துப் பேர் தண்டவாளத்தில் ஏறி நிற்கிறார்கள், செல்ஃபியும் ரீல்ஸுமாக. பயமாக இருக்கிறது.

சாரல்_செங்கோட்டை:

ஏறவே கூடாது, டீச்சர். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் அத்துமீறல் குற்றம், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், பாலத்தின் மேலே நின்றால் பாலம் படத்தில் வருமா? அந்தக் கல் வளைவுகள் கீழே தேசிய நெடுஞ்சாலையில் நின்றால்தான் தெரியும். சாலை ஓரமாகவே நல்ல இடங்கள் இருக்கின்றன.

அந்தப் பாலம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்தது. 1904-இல் கொல்லம் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பித்தபோது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். 2010-இல் பாதையை மூடி, அகலப்பாதையாக்கி, 2018-இல் மறுபடியும் முழுசாகத் திறந்தார்கள். பழைய_ரோல் ஐயாவிடம் மீட்டர் கேஜ் வண்டி போகிற படம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஸ்கேன் பண்ணிப் போடுங்கள் ஐயா, புண்ணியமாகப் போகும்.

எடுப்பதற்கு: ஏற்றம் என்பதால் வண்டி மெதுவாகத்தான் வரும், 1/250 போதும். மழை விட்ட காலையில் போங்கள். 35 மி.மீ. ஒன்றே தாராளம். எஃப் 8 வைத்தால் வளைவுகளும் பின்னால் மரமும் தெளிவாக இருக்கும். வண்டி வருகிற வரைக்கும் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து சாயா குடிக்கலாம்.

பழைய_ரோல்:

இருக்கிறது. நெகட்டிவ் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது, ஆனாலும் வண்டி தெரிகிறது. பேரன் ஸ்கேன் பண்ணித் தருகிறேன் என்றிருக்கிறான்.

கூழைக்கடா:

பறவை எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கூட்டைப் பார்த்தால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கூட்டின் முன்னால் இருக்கிற இலையை ஒடிக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இலை போனால் கூட்டுக்கு நிழலும் போகும், காகத்துக்கும் கழுகுக்கும் குஞ்சு பளிச்சென்று தெரியும். இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்டும். நாம் கீழே கும்பலாக நின்றால் அது பொந்துக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே பெட்டையும் குஞ்சும் பட்டினி. சொந்த லென்ஸோ வாடகை லென்ஸோ, இது எல்லாருக்கும்.

அண்ணாச்சி சொன்ன, வெறுங்கையோடு முதலில் போய்ப் பார்க்கிற யோசனை நல்லதுதான். ஆனால் வாடகை லென்ஸ் என்பதில் என் பிடிவாதம் பிடிவாதம்தான். சொந்த லென்ஸில் கை பழக ஒரு வருஷமாவது ஆகிறது. பறவை பறக்கிற அந்த ஒரு நொடியில் ஃபோகஸ் பட்டன் எங்கே என்று விரல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

சாரல்_செங்கோட்டை:

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான வாதம். பறவைக்காரர்களுக்கு விதிவிலக்கு கொடுத்துவிட்டேன், போ.

புதுக்கண் தம்பி, உன் கேள்வி நடுவில் அப்படியே நின்றுவிட்டது. அந்த 70-300 ஏஎஃப்-பி லென்ஸை வாங்காதே. டி5100 அந்த வகைக்கு முந்தின தலைமுறை பாடி. மாட்டினால் மாட்டும், ஆனால் தானாகவும் ஃபோகஸ் ஆகாது, கையால் சுற்றினாலும் ஆகாது, ஏனென்றால் அந்த லென்ஸில் வளையம்கூட மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும். டி3200 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஏஎஃப்-டி என்று போட்ட பழைய லென்ஸ் யாராவது கொடுத்தால் அதிலும் தானியங்கி ஃபோகஸ் வராது, உன் பாடிக்குள் மோட்டார் கிடையாது, கையால் சுற்றத்தான் வேண்டும். ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள வகை) என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கு. 55-200 வி.ஆர். (கை நடுக்கத்தை ஈடுசெய்கிற வகை), 55-300 வி.ஆர். இரண்டும் உனக்குப் பொருந்தும், பழைய சந்தையில் கிடைக்கும்.

ஆனால் இப்போதே வாங்காதே என்பதுதான் என் யோசனை. இந்த சீசன் முழுக்க அந்த 18-55-ஐ வைத்தே சுற்று. ஊருக்குப் பக்கத்தில் அடவிநயினார் அணை, மேக்கரை, பண்பொழி திருமலைக்கோவில் எல்லாம் இருக்கிறது. செப்டம்பர் வந்ததும் எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் திறந்து, உனக்குப் பிடித்தது எல்லாம் எந்த மி.மீ.-இல் எடுத்தது என்று பார். ஃபைல் விவரத்திலேயே இருக்கும். பெரும்பாலும் 18-இல் இருந்தால் உனக்கு அகலம் வேண்டும். 55-இல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் அப்போது 55-200 வாங்கு. நடுவிலேயே சுற்றுகிறதென்றால் 35 எஃப் 1.8, அதிலும் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் (கிராப் சென்சாருக்கானது) வகை.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போது டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து அடித்து முன்பக்கமாகப் பார். நூல் மாதிரி, மரக்கிளை மாதிரி ஏதாவது தெரிந்தால் பேச்சையே வளர்க்காமல் திரும்பி வந்துவிடு. அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழைகிற துளை) இதழில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பார். உன் பாடியில் மாட்டி, கிட்டேயும் தூரத்திலும் நாலு படம் எடுத்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதே. போகிற அன்று கேமராவோடு சார்ஜ் ஏற்றின பேட்டரியையும் எடுத்துப் போ. "பேட்டரி தீர்ந்துவிட்டது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொல்ல இடம் கொடுக்காதே.